டைரக்ட் குடுத்தாச்சு சார்! (ஒரு ஃபேனும் ஒரு சுவிட்சும்)

"ஃபேனை டைரக்ட் குடுத்துட்டேன் சார். இனிமே வண்டி சூடே ஆகாது."

பழைய கார் வச்சிருக்கறவங்க ஒரு தடவையாவது இந்த வசனத்தைக் கேட்டிருப்பீங்க. ரேடியேட்டர்ல இருக்கற சூட்டு சுவிட்ச் செத்துப் போயிருக்கும். புதுசு வாங்கி மாட்டறதுக்குப் பதிலா, சாவியைத் திருப்பினதும் ஃபேன் ஓடற மாதிரி ஒயரை நேரா இழுத்து விட்டுடுவாங்க. வண்டி நல்லாத்தான் ஓடும். ஆனா அந்த ஒரு ஒயரால அரை நூற்றாண்டுக்கு மேல நடந்த வேலையை அழிச்சுட்டு, ஃபோர்ட் மாடல் டி காலத்துக்குப் போயிடறோம்கறது என் கட்சி. அதுக்குப் பதிலா டாஷ்போர்டுல ஒரு சின்ன சுவிட்ச் வச்சா கதையே வேற. வெளியில இருந்து பார்த்தா ரெண்டும் ஒண்ணு மாதிரி தெரியும். ஒண்ணு இல்லைன்னு சொல்லத்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம், பொறுத்துக்கோங்க.

மாடல் டி வந்தது 1908ல. முதல் 2,500 வண்டிகள் வாக்குல தண்ணி பம்ப் இருந்துச்சு. அப்புறம் அந்தப் பம்பையே தூக்கிட்டாங்க. சூடான தண்ணி தானா மேல ஏறும், ஆறின தண்ணி தானா கீழ இறங்கும், அது போதும்னு விட்டுட்டாங்க (சிக்கனம்னா இது சிக்கனம்). ஃபேன் மட்டும் தப்பிச்சது. கிராங்க்ல இருந்து ஒரு பெல்ட், ரேடியேட்டருக்குப் பின்னாடி ஒரு ஃபேன். என்ஜின் ஓடினா அதுவும் ஓடும், நின்னா நிக்கும். இடையில யாரும் எதுவும் கேக்க முடியாது.

தண்ணி எவ்வளவு சூடாச்சுன்னு ஓட்டறவருக்கு எப்படித் தெரியும்? தெரியாது. ஆவி வந்தா தெரியும்! இதுக்கு ஹாரிசன் பாய்ஸ்னு ஒருத்தர் வழி கண்டுபிடிச்சு 1912ல அமெரிக்காவுல காப்புரிமை வாங்கினார். ரேடியேட்டர் மூடி மேலயே ஒரு தெர்மாமீட்டர். பானெட்டுக்கு அந்தப் பக்கம் நிக்கற அந்தக் குழாயை சீட்டுல உக்காந்தபடியே பார்த்துக்கலாம். பாய்ஸ் மோட்டோமீட்டர்னு பேரு, அமோகமா வித்துது. அப்புறம் டாஷ்போர்டுக்குள்ள மீட்டர் வந்ததும் இதுக்கு வேலை போச்சு. குளிர் தேசங்கள்ல இதுக்கு நேர் எதிர் பிரச்னை, என்ஜின் சூடே ஆகாது. ரேடியேட்டர் முன்னாடி அட்டையோ கம்பளித் துணியோ கட்டி வச்சு ஓட்டினாங்க. வசதியான வண்டிகள்ல திறந்து மூடற ஷட்டர் வச்சாங்க. ஆக, என்ஜின் சூட்டைப் பார்த்துக்கறது அந்தக் காலத்துல ஓட்டறவரோட வேலைல ஒரு பகுதி. கண்ணும் கையும் அதுல இருந்துச்சு.

பெல்ட் ஃபேன்ல ஒரு அடிப்படைக் கோளாறு உண்டு. இது புரிஞ்சா மத்த கதை தானா புரிஞ்சிடும். ஃபேன் எப்பத் தேவை? டிராஃபிக்ல நிக்கறப்ப. நெடுஞ்சாலைல 60, 70 கிலோமீட்டர் வேகத்துல போறப்ப எதிர்காத்தே பெரும்பாலும் போதும். ஆனா பெல்ட் ஃபேன் டிராஃபிக்ல என்ஜினோட சேர்ந்து மெதுவா சுத்தும், நெடுஞ்சாலைல பேய் மாதிரி சுத்தும். தேவைக்கு நேர் தலைகீழ்! ஃபேன் இழுக்கற பவர் வேற வேகத்தோட மும்மடியில ஏறும். வேகம் ரெண்டு மடங்கானா பவர் எட்டு மடங்கு. 800 ஆர்பிஎம்ல இருந்து 4000 ஆர்பிஎம் போனா அஞ்சு மடங்கு வேகம், 125 மடங்கு பவர். அத்தனையும் பெட்ரோல்ல இருந்து வர்றது, தேவையே இல்லாத நேரத்துல. சத்தம் தனிக் கணக்கு.

சரி, மோட்டார் வச்சு ஓட்ட வேண்டியதுதானே? மோட்டார் ஃபேன் 10 ஆம்பியர்ல இருந்து 20 ஆம்பியர் வரைக்கும் கேக்கும். அந்தக் காலத்துல பிரிட்டிஷ் கார்கள்ல பரவலா இருந்த லூகாஸ் சி40 டைனமோ முழு வேகத்துல குடுக்கறதே 22 ஆம்பியர்தான். ஹெட்லைட்டுக்கும் வைப்பருக்கும் போக மிச்சம் என்ன இருக்கும்? அதை விடக் கொடுமை, ஐடில்ல டைனமோ கிட்டத்தட்ட ஒண்ணுமே குடுக்காது. பழைய அம்பாசடர்ல சிக்னல்ல நிக்கறப்ப சார்ஜ் லைட்டு சிவப்பா மினுக்கும், பெருசுங்களுக்கு ஞாபகம் இருக்கும். அதாவது ஃபேன் தேவைப்படற அதே நேரத்துல கரண்ட் இல்லை. 1960ல கிரைஸ்லர் தன்னோட வேலியண்ட் கார்ல ஆல்டர்னேட்டரைச் சாதாரணமாவே குடுக்க ஆரம்பிச்சு, அது மெல்ல மத்த கார்களுக்கும் பரவினப்புறம்தான் ஐடில்லயும் ஓரளவு கரண்ட் கிடைச்சுது. இதுக்கு நடுவுல பெஜோக்காரங்க ஒரு பாதி வழி கண்டாங்க. 1960ல வந்த 404ல ஃபேன் பெல்ட்லதான் ஓடும், ஆனா நடுவுல மின்காந்த கிளட்ச். தண்ணி சூடானா ஒட்டிக்கும், ஆறினா விட்டுடும்.

முழு வழியையும் திறந்து விட்டது சூடு இல்லீங்க, இடப்பிரச்னை. 1959ல வந்த மினியை அலெக் இசிகோனிஸ் வடிவமைச்சப்ப இடம் மிச்சம் பிடிக்க என்ஜினைக் குறுக்கால படுக்க வச்சார். இப்ப கிராங்க்கோட முனை வண்டியோட பக்கவாட்டைப் பார்க்கும். பெல்ட் ஃபேனும் அந்தப் பக்கம்தான் பார்க்கணும். வேற வழியில்லாம ரேடியேட்டரையும் முன்னாடி இருந்து எடுத்து இடது பக்கம் சக்கரத்துக்கு மேல சொருகிட்டாங்க. எதிர்காத்து நேரா வந்து அடிக்கற இடத்துல ரேடியேட்டர் இல்லை. உள்ள இருக்கற காத்தை ஃபேன் பிடிச்சு சக்கரக் குழி வழியா வெளியே தள்ளணும். மேதைதான், ஒத்துக்கறேன். ஆனா ஃபேன் அவரைக் கட்டிப் போட்டுடுச்சு.

இத்தாலில ஃபியட்ல தாந்தே ஜக்கோசான்னு ஒரு எஞ்சினியர். (என்னைக் கேட்டா கார் எஞ்சினியர்கள்ல அவருக்குக் கிடைக்க வேண்டிய புகழ்ல பாதிகூடக் கிடைக்கலை.) அவரும் என்ஜினைக் குறுக்கால வச்சார். ஆனா ஃபேனை என்ஜின்ல இருந்து கழட்டிட்டார். மோட்டார்ல ஓடற ஃபேனுக்குக் கிராங்க் எந்தப் பக்கம் பார்த்தா என்ன? ரேடியேட்டரை மறுபடி முன்னாடி, காத்து வர்ற இடத்துலயே வச்சாச்சு. ஃபியட் பேர்ல இறக்கறதுக்குத் தயங்கி, 1964ல ஆட்டோபியாங்கி பேர்ல பிரிமுலான்னு விட்டுப் பார்த்தாங்க. உலகத்துக்கே பீட்டா வெர்ஷன்னு வச்சுக்கோங்க. அது தேறினதும் 1969ல ஃபியட் 128. 1970க்கான ஐரோப்பியக் கார் விருது அதுக்குத்தான் போச்சு. 1983 டிசம்பர்ல வந்த நம்ம மாருதி 800ல குறுக்கால படுத்த என்ஜின், முன்னாடி ரேடியேட்டர், மோட்டார் ஃபேன்னு இருந்த அமைப்பு இதே வம்சம்தான். மினியும் கடைசியில வழிக்கு வந்துச்சு. 1996 வாக்குல, கிட்டத்தட்ட 37 வருஷம் கழிச்சு, ரேடியேட்டர் முன்னாடி வந்து மோட்டார் ஃபேன் வச்சுக்கிட்டது.

இப்ப சுவிட்சுக்கு வருவோம். மோட்டார் வந்ததும் "எப்ப ஓடணும்"ங்கற கேள்வி முதல் முறையா வருது. இந்தக் கேள்விக்கு பதில் சொல்ற பொறுப்பு ரேடியேட்டர்ல திருகி வச்ச ஒரு பித்தளைச் சாமான் கைக்குப் போச்சு. உள்ள ரெண்டு உலோகம் ஒட்டின ஒரு தகடு. சுமார் 92, 95 டிகிரில வளைஞ்சு தொடும், 85 பக்கம் வந்ததும் விடும். அதே காலத்துல நிறைய கார்கள்ல ஹீட் மீட்டரை எடுத்துட்டு ஒரே ஒரு சிவப்பு லைட்டு வச்சாங்க. சூடாயிட்டு இருக்குன்னு சொல்லாது, சூடாயிடுச்சுன்னு சொல்லும். கண்ணும் போச்சு, கையும் போச்சு.

அந்தத் தகடு நல்ல சாமான்தான், குறை சொல்லலை. ஆனா அதுக்குத் தன்னைச் சுத்தி இருக்கற தண்ணி மட்டும்தான் தெரியும். ரேடியேட்டர் ஒழுகித் தண்ணி மட்டம் இறங்கிட்டா சுவிட்ச் வெறும் காத்துல நிக்கும். என்ஜின் கொதிக்கும், தகடு சும்மா இருக்கும். ஏர்லாக் ஆனாலும் இதே கதை. முனை பச்சை பூத்துப் போனா சொல்லவே வேண்டாம். அலுமினிய ஹெட் இருக்கற என்ஜின்ல இப்படிப் பத்து நிமிஷம் கவனிக்காம ஓட்டினா ஹெட் வளைஞ்சு, காஸ்கெட் போயி, எண்ணெயும் தண்ணியும் கலந்து காபி நிறத்துல வரும். அந்த பில்லைப் பார்த்தவங்களுக்குத் தெரியும்.

அதனாலதான் கையால போடற சுவிட்ச். பெல்ட் ஃபேனைக் கழட்டிட்டு மோட்டார் ஃபேன் மாட்டற பழக்கம் பிரிட்டன்ல 1960கள்லயே இருந்துச்சு, கென்லோ ஃபேன்னா அங்க பிரபலம். அந்த மாதிரி வண்டிகள்ல டாஷ்போர்டுக்குக் கீழ ஒரு குட்டி சுவிட்சும் சேர்ந்துக்கும். மலைப்பாதை ஏறறதுக்கு முன்னாடியே, டிராஃபிக் தெரிஞ்ச உடனேயே போட்டு விடலாம். தகடுக்குத் தண்ணி மட்டும்தான் தெரியும், ஓட்டறவருக்கு ரோடு தெரியுமே.

ஒயரிங் ரொம்ப எளிசு. ரிலேல நாலு கால். 30க்கு பேட்டரில இருந்து ஃப்யூஸ் வழியா பாசிட்டிவ். 87ல இருந்து ஃபேனுக்கு. 86க்கு சாவி போட்டா வர்ற பாசிட்டிவ். 85ல இருந்து தகடு சுவிட்ச் வழியா எர்த். நம்ம சுவிட்சோட ஒரு முனையும் அதே 85ல, இன்னொரு முனை எர்த்ல. தகடு தொட்டாலும் ஃபேன் ஓடும், நாம போட்டாலும் ஓடும். நம்ம மொழில சொன்னா ஒரு ஆர் கேட். ஃபேனோட 15, 20 ஆம்பியர் ரிலே வழியாத்தான் போகுது. நம்ம சுவிட்ச்ல ஓடறது காயிலுக்கான கரண்ட், 200 மில்லி ஆம்பியர் பக்கம்தான். அதனால மெல்லிசு ஒயர் போதும். ரிலே இல்லாத பழைய வண்டிகள்ல மட்டும் உஷார். தகடே முழுக் கரண்டையும் தாங்கற மாதிரி இருக்கும். அங்க சின்ன சுவிட்சைச் சேர்த்தா சுவிட்ச் உருகும், முதல்ல ரிலே போடணும்.

இங்கதான் டைரக்ட்டுக்கும் சுவிட்சுக்கும் வித்தியாசம். டைரக்ட்ல தகடு வட்டத்துல இருந்தே வெளியே போயிடுது. காலைல குளிர்ந்த என்ஜினுக்கும் ஃபேன் ஓடும், சூடேற லேட்டாகும், பெட்ரோல் கூடும், மோட்டார் பிரஷ் தேயும். ஆர் கேட்ல தகடு தன் வேலையைச் செஞ்சுக்கிட்டே இருக்கும், நாம மறந்தாலும் பாதகமில்லை. ஒரே ஒரு ஆபத்து, சுவிட்சை எப்பவும் போட்டே வச்சா தகடு செத்தது தெரியவே தெரியாது. அதுக்கு மருந்து ஒரு குட்டி லைட்டு. அதை சுவிட்ச்ல இருந்து எடுக்காம 87ல இருந்து எடுக்கணும். அப்பத்தான் தகடு போட்டாலும் எரியும், நாம போட்டாலும் எரியும். நாம தொடாமலே டிராஃபிக்ல அது எரிஞ்சா தகடு உயிரோட இருக்குன்னு அர்த்தம். (மோட்டார் சுத்துதான்னு இது சொல்லாது, கரண்ட் போகுதுன்னு மட்டும்தான் சொல்லும்.)

ஆறு, ஓடை கடக்கற ஜீப்காரங்க இதையே திருப்பி வச்சுக்கறாங்க. ஓடற ஃபேன் தண்ணிக்குள்ள போனா இறக்கை வளைஞ்சு ரேடியேட்டரைக் கிழிச்சுடும். அதனால ஃபேனை நிறுத்தறதுக்கு ஒரு சுவிட்ச், ரிலே காயிலோட தொடர் இணைப்புல. இது ஆண்ட் கேட். இதுல மறதிக்கு மன்னிப்பே கிடையாது. அணைச்சது அணைச்சபடி கரையேறிப் போனா என்ஜின் காலி. பட்டனை அமுக்கிப் பிடிச்சிருக்கற வரைக்கும்தான் ஃபேன் நிக்கணும், கையை எடுத்தா மறுபடி தானா ஓடணும். நான் வச்சா அப்படித்தான் வைப்பேன்.

இப்போதைய கார்கள்ல தகடு போயாச்சு. கூலன்ட் சென்சாரைப் பார்த்து ஈசியூ முடிவு பண்ணுது. ஏசி பிரஷர், வண்டி வேகம் எல்லாத்தையும் சேர்த்துக் கணக்குப் போட்டு, நிறைய வண்டிகள்ல ஃபேன் வேகத்தையே கூட்டிக் குறைக்குது. தகடுக்குத் தெரியாத நிறைய விஷயம் இதுக்குத் தெரியும். அங்க போயி ஒயரை வெட்டி சுவிட்ச் சேர்க்கற வேலை வேண்டாம், பல்ஸ்ல ஓடற லைனை எர்த் பண்ணா என்ன புகையும்னு சொல்ல முடியாது. மீட்டர் முள்ளும் 80ல இருந்து 105 டிகிரி வரைக்கும் நடுவுலயே அசையாம நிக்கற மாதிரி பல கம்பெனிகள் வச்சிருக்காங்க, பார்த்துப் பயப்படக்கூடாதாம்.

ஆனா ஒரு விஷயம். கூலன்ட் சென்சார் ஒயர் அறுந்துபோனா அந்த ஈசியூ என்ன பண்ணும்னு நினைக்கறீங்க? பெரும்பாலான வண்டிகள்ல டாஷ்போர்டுல லைட்டைப் போட்டுட்டு, ஃபேனை முழு வேகத்துல ஓட விட்டுடும். டைரக்ட் குடுத்துடும் சார்!