ஒட்டுறவுக் கெழு பிறந்த கதை

மேல்நிலை வகுப்பில் ஒட்டுறவுப் பாடம் பெரும்பாலும் வாய்பாட்டில்தான் தொடங்குகிறது. ஐந்து நெடுவரிசை போட்டு, பெருக்கி, கூட்டி, வர்க்கமூலம் எடுத்தால் 0.87 என்று ஒரு விடை வரும். மாணவர் கணக்கைச் சரியாகவே போட்டுவிடுவார். அந்த 0.87 என்ன சொல்கிறது என்று கேட்டால் விழிப்பார். அவர்மேல் குற்றமில்லை. இந்த எண் வாய்பாட்டிலிருந்து பிறக்கவில்லை. இன்று நாம் போடும் வாய்பாடு வந்து சேர்ந்தபோது எண்ணுக்கு எட்டு வயது ஆகியிருந்தது.

1875-ல் இங்கிலாந்தில் பிரான்சிஸ் கால்டன் தம் நண்பர்கள் ஏழு பேருக்கு ஸ்வீட் பீ என்ற பூச்செடியின் விதைகளைப் பொட்டலம் கட்டிக் கொடுத்தார். அந்த எழுவரில் சார்லஸ் டார்வினும் ஒருவர். அவருக்குக் கால்டன் அத்தை மகன் முறை. ஒவ்வொரு பொட்டலத்திலும் ஏழு அளவுகள், அளவுக்குப் பத்து விதை. விதைத்து, விளைந்ததைத் திருப்பி அனுப்ப வேண்டும். இந்தச் செடி பெரும்பாலும் தன் மகரந்தத்தாலேயே காய்க்கும் என்பதால் தாய் விதையை மட்டும் கணக்கில் கொண்டால் போதும்.

பெரிய விதைகளின் வாரிசுகள் சராசரியைவிடப் பெரிதாக இருந்தன, ஆனால் தாய் அளவுக்கு இல்லை. சிறியவற்றின் வாரிசுகளும் தாயைப் போல அவ்வளவு சிறுத்துப் போகவில்லை. தாயின் அளவைக் கிடையாகவும் வாரிசுகளின் சராசரியைச் செங்குத்தாகவும் குறித்தபோது புள்ளிகள் கிட்டத்தட்ட ஒரு நேர்கோட்டில் நின்றன. சாய்வு ஏறக்குறைய மூன்றில் ஒன்று என்று கால்டன் கண்டார். தொடர்புப் போக்குக் கோட்டின் முதல் உருவம் இதுதான்.

அடுத்து மனிதர்கள். குடும்ப விவரங்களை எழுதி அனுப்புவோருக்குப் பரிசு அறிவித்து, 205 பெற்றோர் இணைகள், வளர்ந்த அவர்களுடைய 928 பிள்ளைகள் ஆகியோரின் உயரங்களைத் திரட்டினார். பெண்களின் உயரத்தை 1.08-ஆல் பெருக்கி ஆண்களின் அளவோடு சமன் செய்தார். பெற்றோர் இருவரின் சராசரி உயரம் ஒருபக்கம், பிள்ளைகள் உயரம் ஒருபக்கம் என்று பெரிய அட்டவணை எழுந்தது. கட்டங்களில் எண்கள் தாறுமாறாகத் துள்ளின. பக்கத்துப் பக்கத்து நான்கு கட்டங்களைக் கூட்டி எழுதியதும் ஒழுங்கு தெரியத் தொடங்கியது. ஒருநாள் காலை ராம்ஸ்கேட் அருகே சிறிய ரயில் நிலையமொன்றில் வண்டிக்குக் காத்திருந்தபடி நோட்டைப் புரட்டியவருக்குச் சட்டென்று பிடிபட்டது: சமமான எண்களைக் கோட்டால் இணைத்தால் ஒன்றுக்குள் ஒன்றாக நீள்வட்டங்கள்! இதைக் கேம்பிரிட்ஜ் கணிதவியலாளர் ஹாமில்டன் டிக்சனிடம் உயரம் என்ற பேச்சே இல்லாமல் வெறும் கணக்காகக் கொடுத்தார். அவர் கணிதத்தால் பெற்ற விடை, அளந்து பெற்றதோடு ஒத்துப்போனது.

இந்தத் தேடலுக்குப் பின்னால், தேர்ந்தெடுத்த இனப்பெருக்கத்தால் மனித இனத்தை மேம்படுத்தலாம் என்ற கால்டனின் யூஜெனிக்ஸ் கொள்கை இருந்தது. அதன் பெயரால் பின்னாளில் நடந்த கொடுமைகளை மறைத்து வகுப்பில் இந்தக் கதையைச் சொல்லக் கூடாது.

எனக்கு மிகவும் பிடித்த இடம் இனிதான். பெற்றோரிலிருந்து பிள்ளைக்குப் போனால் சாய்வு மூன்றில் இரண்டு. அதே அட்டவணையில் பிள்ளையிலிருந்து பெற்றோருக்குப் போனால் மூன்றில் ஒன்று. ஒரே தரவுக்கு இரண்டு கோடுகள்! உயரமான பிள்ளைகளின் பெற்றோரும் சராசரியை நோக்கியே நிற்கிறார்கள் என்றால், சராசரிக்கு இழுப்பது பரம்பரையின் ஏதோ மாய விசையாக இருக்க முடியாது. பிள்ளை பெற்றோருக்கு எதையும் கடத்துவதில்லையே.

பழங்காலக் கல்லறையில் கிடைத்த தொடையெலும்பை வைத்து அந்த ஆளின் உயரத்தைச் சொல்ல முடியுமா என்ற கேள்வியும் அப்போது அவர் மனத்தில் ஓடியது. இதுவும் பெற்றோர்-பிள்ளைக் கணக்கும் ஒன்றே என்று கண்டுகொண்டார். ஒவ்வோர் அளவையும் அங்குலத்தில் பார்க்காமல் அதனதன் சிதறலையே அலகாகக் கொண்டு எழுதினால் இரண்டு சாய்வுகளும் ஒன்றாகிவிடுகின்றன. அந்தப் பொதுச் சாய்வுதான் ஒட்டுறவுக் கெழு. 1888 டிசம்பரில் ராயல் சொசைட்டிக்கு அளித்த கட்டுரையில் முழங்கைக்கும் உயரத்துக்கும் 0.8, நடுவிரலுக்கும் உயரத்துக்கும் 0.7, தலை நீளத்துக்கும் உயரத்துக்கும் 0.35 என்று தந்தார். வரைபடத்தில் கோடு இழுத்து, சாய்வைப் படித்தே அவர் அவற்றைப் பெற்றார்.

கார்ல் பியர்சன் 1896-ல் தந்ததே நம் பாடநூல் வாய்பாடு. மறு ஆண்டு உட்னி யூல், லெஜாந்தர் 1805-லேயே வெளியிட்ட மீச்சிறு வர்க்க முறையோடு தொடர்புப் போக்குக் கோட்டை இணைத்தார்.

ஆகவே வகுப்பிலும் சிதறல் படம், கோடு, இரண்டு கோடுகள், சிதறலை அலகாக்குதல், கடைசியில் வாய்பாடு என்று போவதே முறை என்பேன். படத்தை விட்டால் என்ன ஆகும் என்பதை 1973-ல் பிரான்சிஸ் ஆன்ஸ்கோம் காட்டினார். பதினொரு புள்ளிகள் கொண்ட நான்கு தரவுகள். நான்கிலும் கெழு 0.82-ஐ ஒட்டியே வரும், கோடும் ஒன்றே. வரைந்தால் ஒன்று சாதாரணச் சிதறல், ஒன்று வளைவு, ஒன்று நேர்கோட்டை விட்டு ஒற்றைப் புள்ளி விலகியது. நான்காவதில் பத்துப் புள்ளிகள் 8-க்கு நேர்மேலே, ஒன்று மட்டும் தொலைவில் 19-இல். அந்த ஒன்றை மாணவர் கையாலேயே நீக்கிவிட்டு மறுபடி கணக்குப் போடச் சொல்லுங்கள். பகுதியில் பூச்சியம் வந்து நிற்கும், கெழுவே கிடைக்காது.