கான் அல்-உம்தான்: அக்கா துறைமுகத்தின் பழைய வணிக விடுதி

மத்தியதரைக் கடலின் கிழக்குக் கரையில், ஹைஃபா வளைகுடாவின் வடமுனையில் அக்கா என்ற பழைய துறைமுக ஊர் இருக்கிறது. பெயரைக் கேட்டதும் நமக்கு மூத்த சகோதரி நினைவுக்கு வரலாம். ஆனால் அந்த ஊரின் அரபுப் பெயரே அதுதான். பாலஸ்தீனின் இந்த ஊர் 1948 முதல் இஸ்ரேலின் ஆளுகையில் உள்ளது. இங்கே துறைமுகத்தை ஒட்டி நிற்கும் கான் அல்-உம்தான் என்ற வணிகக் கட்டடத்தின் வரலாற்றைப் பார்ப்போம்.

கட்டியவர் யார்?

கான் என்றால் வணிகர்கள் தங்கும் விடுதி; உம்தான் என்றால் தூண்கள். உஸ்மானியப் பேரரசின் ஆளுநராக அக்காவில் இருந்து ஆட்சி செய்த அஹ்மத் பாஷா அல்-ஜஸ்ஸார் 1784இல் இதைக் கட்டினார். போஸ்னியாவில் பிறந்த இவர் கடுமையான ஆட்சிக்குப் பேர்போனவர். 1799இல் நெப்போலியனின் முற்றுகையை முறியடித்தவரும் இவரே. அக்காவின் புகழ்பெற்ற ஜஸ்ஸார் பள்ளிவாசலும் இவர் எழுப்பியதுதான்.

சிலுவைப்போர்க்காரர்களின் காலத்தில் சுங்கச் சாவடி இருந்த இடத்தில் இந்த விடுதி எழுந்தது. இதிலுள்ள 40 கருங்கல் தூண்கள் கைசேரியா, அத்லித் ஆகிய இடங்களின் இடிபாடுகளிலிருந்தும், அக்காவிலேயே கிடந்த சிலுவைப்போர்க்காரர்களின் கட்டடச் சிதைவுகளிலிருந்தும் கொண்டுவரப்பட்டவை.

எப்படி இயங்கியது?

நடுவில் திறந்த முற்றம். அதைச் சுற்றி இரண்டு தளங்கள். கலிலேயா கிராமங்களின் தானியமும் பிற விளைபொருட்களும் ஒட்டகங்களில் வந்து முற்றத்தில் இறங்கும். கீழ்த்தளம் சரக்குகளை அடுக்கும் கிட்டங்கி. மேல்தளத்து அறைகளில் வணிகர்கள் தங்குவார்கள். சரக்கும் அதன் சொந்தக்காரரும் ஒரே கூரையின் கீழ் இருந்ததால் வெளியூர் வணிகருக்குக் களவு பயம் குறைவு. கப்பலும் கூப்பிடு தூரத்தில் நின்றது. அக்காவில் இதுபோன்ற கான்கள் நான்கு உண்டு, இதுவே பெரியது.

வணிகம் நகர்ந்தது

சுல்தான் இரண்டாம் அப்துல் ஹமீது அரியணையேறி 25 ஆண்டுகள் நிறைவடைந்ததன் நினைவாக, 1906இல் நுழைவாயிலருகே மணிக்கூண்டு கட்டப்பட்டது. ஆனால் அதற்குள் காலம் மாறிவிட்டது. ஹிஜாஸ் ரயில்பாதையின் கிளை 1905இல் ஹைஃபாவை அடைந்தது. 1933இல் அங்கே பெரிய கப்பல்கள் நேரே கரையணையும் ஆழ்துறைமுகம் திறக்கப்பட்டது. சரக்குகள் அந்தப் பக்கம் திரும்பின. கட்டடம் கெட்டியாகவே நின்றது. அதன் தொழில்தான் போய்விட்டது.

இன்று

2001இல் அக்காவின் பழைய நகர் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னமானது. கான் அல்-உம்தானும் அதில் அடங்கும். நாடக விழாக்களில் இதன் முற்றமே மேடையாகியிருக்கிறது. பின்னர் இதை ஆடம்பர ஓட்டலாக மாற்றத் திட்டமிட்டபோது, பழைய நகரின் அரபுக் குடியிருப்பாளர்கள் எதிர்ப்புத் தெரிவித்தனர். ஓட்டல்கள் பெருகினால் வீட்டு விலையும் வாடகையும் உயர்ந்து, தலைமுறைகளாக வாழும் தாங்கள் வெளியேற நேரிடும் என்பதே அவர்களின் அச்சம்.

கட்டடத்தைக் காப்பது என்பது கல்லையும் தூணையும் காப்பது மட்டுமல்ல. அதைச் சுற்றி வாழும் மக்களும் அங்கேயே இருந்தால்தான் அந்தப் பாதுகாப்பு முழுமையாகும். கான் அல்-உம்தானின் வரலாறு நமக்குச் சொல்வது இதைத்தான்.