வீட்டுக்குள் ‘லைன்’ இல்லையா? அலுமினியத் தாளும் உதவும், ஆனால் ஓர் எல்லைவரை

செனாய் – வாசலில் நின்றால் லைன் கிடைக்கிறது, அறைக்குள் போனால் காணவில்லை. தோட்டத்து வீட்டிலும் நகரத்துத் தாமானிலும் பலரும் சொல்லும் குறை இது. பிள்ளைகளின் பாடம், வங்கிக் கணக்கு, அரசாங்க உதவிக்கான மனு என எல்லாமே இணையத்துக்கு மாறிவிட்ட பிறகு இதைச் சின்னத் தொல்லை என்று ஒதுக்க முடியாது. 2020இல் நடமாட்டக் கட்டுப்பாட்டுக் காலத்தில், சபா பித்தாஸ் மாணவி ஒருவர் தேர்வு எழுதுவதற்காக மரத்தில் ஏறியதை நாடே பார்த்தது.

இதற்கு எளிய வழி ஒன்று உண்டு. உலோகப் பரப்பைக் கொண்டு அலையைத் திருப்பி விடுவதுதான் அது.

உலோகத்தின் வேலை

ரேடியோ அலை உலோகத்தில் பட்டால் கண்ணாடியில் பட்ட ஒளிபோல் திரும்பும். வீட்டுக் கூரையில் இருக்கும் அஸ்ட்ரோ தட்டு செய்வதும் இதுவே. பரவலாக விழும் மெல்லிய அலைகளை அது ஒரே புள்ளியில் குவிக்கிறது.

பரப்பு முழுத் தகடாக இருக்க வேண்டும் என்பதில்லை. தமிழ்நாட்டில் ஊட்டிக்கு அருகே 1970இல் அமைக்கப்பட்ட ரேடியோ தொலைநோக்கியின் பிரதிபலிப்புப் பரப்பு 530 மீட்டர் நீளமும் 30 மீட்டர் அகலமும் கொண்டது. அது முழுவதும் மெல்லிய எஃகுக் கம்பிகளால் ஆனது. அது வாங்கும் அலையின் நீளம் சுமார் 92 செ.மீ. கம்பிகளுக்கு நடுவே உள்ள இடைவெளியோ சில சென்டிமீட்டர்தான். அதனால் அலைக்கு அது சுவர்போல் ஆகிவிடுகிறது.

தகரக் கூரையும் தகரச் சுவரும் உள்ள வீட்டில் லைன் குறைவதற்கும் இதுவே காரணம். வெளியிலிருந்து வரும் அலை வெளியிலேயே திரும்பிவிடுகிறது. வீட்டைச் சுற்றி செம்பனை அடர்ந்திருந்தால், ஈரமுள்ள மட்டைகளும் அலையின் ஒரு பகுதியை உறிஞ்சிக்கொள்ளும்.

வீட்டில் செய்யக்கூடியது

* முதலில் இடத்தை மாற்றிப் பாருங்கள். சிம் கார்டு போடும் ரவுட்டரைக் கோபுரம் இருக்கும் பக்கத்து சன்னலோரம் உயரமாக வையுங்கள். தகரச் சுவர், குளிர்பெட்டி, மீன் தொட்டி ஆகியவற்றின் அருகில் வேண்டாம்.
* வைஃபை வீட்டின் ஒரு மூலைக்கு மட்டும் எட்டவில்லை என்றால், சுமார் 30 செ.மீ. உயரமுள்ள அட்டையில் சமையலறை அலுமினியத் தாளை ஒட்டி, வில்போல் வளைத்து, ரவுட்டரின் பின்னால் நிறுத்துங்கள். வளைவின் உட்பக்கம் அந்த மூலையைப் பார்க்க வேண்டும். வைஃபை அலையின் நீளம் ஏறக்குறைய 12 செ.மீ. அல்லது 6 செ.மீ. என்பதால் தாளில் உள்ள சிறு சுருக்கங்கள் பாதிக்காது.
* ரவுட்டரின் காற்றுத் துளைகளை மூடாதீர்கள். தாள் மின் இணைப்பில் படக்கூடாது. இடி மின்னல் நேரத்தில் கூரையில் ஏறவே வேண்டாம்.

2017இல் அமெரிக்காவின் டார்ட்மத் கல்லூரி ஆய்வாளர்கள், ஒரு வீட்டின் அமைப்புக்கு ஏற்ற பிரதிபலிப்பானைக் கணினியில் வடிவமைத்து, அலுமினியத் தாள் சுற்றிச் சோதித்தார்கள். வேண்டிய அறையில் அலை கூடியது, வேண்டாத பக்கம் குறைந்தது. இந்தோனேசியாவில் சமையல் குவாலியை வைத்தே வைஃபை ஏரியல் செய்தவர்கள் உண்டு.

எல்லை எது?

தாளும் தகடும் புதிதாக அலையை உண்டாக்குவதில்லை. இருப்பதை ஒரு பக்கம் திருப்புகின்றன, மறுபக்கம் அந்த அளவு குறையும். வாசலிலும் லைன் இல்லாத இடத்தில் எந்தத் தாளும் பயன்படாது.

அங்கேதான் பலர் ‘பூஸ்டர்’ வாங்கிப் பணத்தை இழக்கிறார்கள். தாளைப் போலன்றி, பூஸ்டர் மின்சாரத்தில் இயங்கி அலையைப் பெருக்கி அனுப்பும் கருவி. சான்றிதழ் பெறாத பூஸ்டர் அண்டை வீட்டாரின் லைனையும் கெடுக்கும், அதைப் பயன்படுத்துவது 1998ஆம் ஆண்டு தொடர்பு, பல்லூடகச் சட்டப்படி குற்றமாகும்.

அடுத்து வருவது

இதே தத்துவத்தில் பெரிய ஆய்வுகளும் நடக்கின்றன. 2018 இறுதியில் ஜப்பானின் என்.டி.டி. டொகோமோ நிறுவனம் தோக்கியோவில் 5ஜி அலையைத் தகடு ஒன்றால் திருப்பிச் சோதித்தது. தகடு இல்லாதபோது விநாடிக்கு 60 மெகாபிட்டாக இருந்த வேகம், தகட்டுடன் 560 ஆனது. திருப்பும் திசையைத் தானே மாற்றிக்கொள்ளும் ‘அறிவார்ந்த பரப்பு’ குறித்து, பாலத்துக்கு அப்பால் சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2019 முதல் முக்கியக் கட்டுரைகளை வெளியிட்டு வருகிறார்கள்.

அவை நம் வீட்டுக்கு வரும்வரை அட்டையும் தாளும் ஒரு முயற்சிக்கு உரியவை. அதற்குப் பிறகும் லைன் வரவில்லை என்றால், குறை உங்கள் வீட்டில் இல்லை. முதலில் உங்கள் தொலைத்தொடர்பு நிறுவனத்தில் புகார் செய்து எண்ணை வாங்கி வையுங்கள். தீர்வு கிடைக்காவிட்டால் மலேசியத் தொடர்பு பல்லூடக ஆணையத்திடம் கொண்டு செல்லுங்கள். ஒரே வரிசையில் உள்ள வீடுகள் இடம், தேதி, நேரத்துடன் சேர்ந்து புகார் கொடுத்தால், லைன் இல்லாத பகுதி எது என்பது தெளிவாகப் பதிவாகும். கோபுரம் வர வேண்டிய இடத்துக்குக் கோபுரம்தான் வர வேண்டும்.