இரு வாள்களும் திருத்தந்தையின் ஆணையும்

கிறித்துவ மறைநூல் கூறும் ஆன்மிக அதிகாரம் எதுவரை செல்லும் என்னும் வினா, இடைக்கால ஐரோப்பாவில் ஏட்டளவில் நின்றதன்று. மன்னரின் கருவூலத்தையும் திருத்தந்தையின் உயிரையும் தொட்ட வினா அது. லூக்கா நற்செய்தியின் 22ஆம் அதிகாரத்திலுள்ள ஒரு சிறு நிகழ்வு அவ்வினாவின் நடுவே நின்றதை இங்குக் காண்போம்.

இயேசு கைது செய்யப்படும் இரவில், இரண்டு வாள்கள் இருப்பதாகச் சீடர்கள் கூறுகின்றனர். அவர் சுருங்கச் சொல்லி அப்பேச்சை நிறுத்திவிடுகிறார். அது இசைவா, சலிப்பா என்பதில் உரையாளர்கள் இன்றும் வேறுபடுகின்றனர். 12ஆம் நூற்றாண்டில் கிளேர்வோ மடத்துத் தலைவர் பெர்னார்டு, திருத்தந்தை மூன்றாம் யூஜினுக்கு எழுதிய நூலில் இவற்றை ஆன்மிக ஆட்சி, உலக ஆட்சி என்பவற்றின் குறியீடுகளாகக் கொண்டார். இரண்டும் திருச்சபைக்கே உரியன; ஒன்றை அது தானே ஏந்தும், மற்றதை அதன்பொருட்டு மன்னர் ஏந்துவர் என்பது அவர் கருத்து.

பிரெஞ்சு மன்னர் நான்காம் பிலிப்பு போர்ச் செலவிற்காகக் குருமாரிடம் வரி பெறுவதைத் திருத்தந்தை எட்டாம் போனிபேஸ் 1296இல் தடுத்தார். மன்னரோ பொன்னும் வெள்ளியும் நாட்டைவிட்டு வெளியேறத் தடை விதித்தார். பூசல் முற்றிய நிலையில், 1302 நவம்பர் 18இல் வெளிவந்த 'ஊனாம் சாங்தாம்' ஆணையில் போனிபேஸ் பெர்னார்டின் விளக்கத்தையே கையாண்டார். வாளை உறையிலிடுமாறு பேதுருவுக்கு இயேசு இட்ட கட்டளையும் அதில் சான்றாயிற்று: 'உன் வாள்' என்றமையால் வாள் பேதுருவினுடையதே என்பது வாதம். விலக்கச் சொன்ன கருவியையே உரிமைப் பத்திரமாக்கிய இத்திறம் நம்மை வியக்கவைக்கிறது, ஏற்க இயலவில்லை. 1303 செப்டம்பரில் பிலிப்பின் அமைச்சர் நொகாரே படையினருடன் சென்று அனாஞி நகரில் திருத்தந்தையைச் சிறைப்படுத்தினார். ஊரார் மீட்டனர் எனினும் அடுத்த மாதமே அவர் உரோமையில் இறந்தார்.

இனி, அந்த 22ஆம் அதிகாரத்தையே முழுமையாக நோக்குவோம். (நூற்பகுதியையும் ஆளும் உரிமையையும் தமிழ் ஒரே சொல்லால் குறிப்பது இங்கு நினைக்கத்தக்கது.) வாள் பற்றிய பேச்சுக்குச் சற்று முன்னர், தம்முள் பெரியவர் யார் எனச் சீடர்கள் வாதிடுகின்றனர். பிற இனத்து அரசர்களைப் போல் ஆளுதல் அவர்களுக்கு ஆகாது எனவும், தலைவர் பணிவிடை செய்பவராதல் வேண்டும் எனவும் இயேசு கற்பிக்கிறார். பின்னர், சீடர் ஒருவர் வெட்டிய காதைத் தொட்டுக் குணப்படுத்துகிறார். ஆணையை எழுதியவர்கள் முன்னும் பின்னும் உள்ள இப்பகுதிகளைக் கடந்து சென்றனர்.

தாந்தே தம் 'மொனார்க்கியா' நூலின் மூன்றாம் பகுதியில் இக்குறியீட்டு விளக்கத்தை மறுத்தார். பேதுரு முன்பின் எண்ணாது பேசும் இயல்பினர். அவர் கூற்றில் மறைபொருள் தேடலாகாது என்பது அவர் துணிபு. பேரரசரின் அதிகாரம் இறைவனிடமிருந்து நேரே வருவது என்றும் அவர் நிறுவ முயன்றார். அந்நூல் 1329இல் பொலோஞாவில் எரிக்கப்பட்டது. 16ஆம் நூற்றாண்டில் திருச்சபையின் தடைநூற் பட்டியலில் சேர்ந்து, 1881இல்தான் நீக்கப்பட்டது.