அர்த்துங்கல் வெளுத்தச்சன்

நம் குடியிருப்பில் ஆண்டுதோறும் மாலையணிந்து சபரிமலைக்குச் செல்லும் அன்பர்கள் பலருளர். மலையிறங்கித் திரும்பும் ஐயப்பன்மார் சிலர் வழியில் ஒரு கிறித்தவத் தேவாலயத்தை அடைந்து, அங்கே மாலையைக் கழற்றி விரதம் முடிக்கின்றனர் என்றால் நம்மிற் சிலர் நம்பத் தயங்கலாம். கேரளத்தில், சேர்த்தலைக்கு மேற்கே அரபிக்கடலோரத்தில் உள்ள அர்த்துங்கல் தேவாலயமே அது.

1581இல் முத்தேடத்து அரசர் இசைவுடன் இயேசு சபையார் மரமும் தென்னோலையும் கொண்டு இதனை எழுப்பினர். பெயரளவில் இது புனித அந்திரேயருக்குரியது. ஆயினும் மக்கள் தேடி வருவது செபஸ்தியாரையே. உரோமைப் பேரரசன் தியோக்கிளேசியன் காலத்துப் படைவீரர் அவர். அம்பு பாய்ந்தும் பிழைத்து, மன்னனை நேர்நின்று கண்டித்தமையால் தடியால் அடித்துக் கொல்லப்பட்டார் என்பது மரபு. மிலான் நகரிற் செதுக்கிய அவர் சிலை 1647இல் இங்கு நிறுவப்பெற்றது. சனவரி 20ஆம் நாள் பெருவிழாவில் சிலை கடற்கரை வரை பவனி சென்று மீளும். கடற்கரையிலிருந்து முழந்தாளிட்டு ஊர்ந்து வருவோரும் உளர்.

ஐயப்பன்மார் வருகைக்கு ஊரார் கூறும் காரணம் வேறு. இங்கிருந்த ‘வெளுத்தச்சன்’, அதாவது வெள்ளைக்காரப் பாதிரியார், ஐயப்பனுக்கு உற்ற தோழராம். உடன்பிறந்தார் என்பாரும் உண்டு. இது நம்பிக்கை. வரலாறு அறிந்த வெளுத்தச்சனோ இத்தாலியரான யாக்கோமோ பெனீசியோ. 1584இல் கோயிலைப் புதுப்பித்தவர் இவரே என்பர்.

இவருக்கும் தமிழகத்துக்கும் ஒரு தொடர்புண்டு. மலைமேல் மறந்துபோன கிறித்தவர் வாழ்வதாகக் கேள்வியுற்று, 1603இல் கள்ளிக்கோட்டையிலிருந்து நீலகிரி ஏறினார். அங்கே கண்டவர் எருமை மேய்க்கும் தோடர். பெண்டிர்க்குக் கண்ணாடியும் நூலும் பரிசளித்துத் திரும்பினார். தோடரை நேரிற் கண்டெழுதிய முதல் ஐரோப்பியர் இவர். நம்மில் உதகை சென்றவர் எத்தனை பேர் இப்பெயரைக் கேட்டிருப்போம்?

1609 அளவில் இந்து சமயத்தைப் பற்றிப் போர்த்துகீசிய மொழியில் ஒரு பெருநூல் எழுதினார். மறுப்பதற்காகவே எழுதினார் என்பதை நாம் மறைக்க வேண்டியதில்லை. ஆனால் மறுக்கு முன் நம் புராணங்களை முயன்று கற்றிருக்கின்றார். அவர் 1632இல் மறைந்தார். நூல் கையெழுத்துப் படியாகவே கிடந்தது. யாழ்ப்பாணத்திற் பணியாற்றிய ஒல்லாந்த போதகர் பல்தேயஸ், 1672இல் வெளியிட்ட தம் நூலில் அதனைப் பெரிதும் எடுத்தாண்டார். எழுதியவர் பெயரை மட்டும் சொல்லவில்லை. 1933இல் சுவீடன் நாட்டறிஞர் சார்ப்பெந்தியர் மூல நூலைப் பதிப்பித்த பின்னரே, உழைப்பு யாருடையது என்பது உலகுக்குத் தெளிவாயிற்று.

அறிஞர் உலகு மறந்திருந்த அம்முந்நூறு ஆண்டுகளும் கடலோர மீனவர் வாயில் வெளுத்தச்சன் வாழ்ந்தே வந்தார். நாளடைவில் அப்பெயர் செபஸ்தியார்க்கும் உரியதாயிற்று. 2010இல் திருத்தந்தை இத்தேவாலயத்தைப் பசிலிக்காவாக உயர்த்தினார். இன்று ‘வெளுத்தச்சா’ என்றழைத்து மாலை கழற்றும் ஐயப்பன்மார் அழைப்பது பாதிரியாரையோ, அம்பேற்ற வீரரையோ, அவர்களைக் கேட்டால் இரண்டும் ஒருவரே என்பர்.