மஞ்சளா, சிவப்பா?

மருத்துவக் கழிவைக் கையாளும் அறிவு மருத்துவமனைப் பணியாளரிடம் போதவில்லை என்பது ஆய்வேடுகளில் திரும்பத் திரும்பக் காணும் முடிவு. எதை அறிந்திருக்குமாறு சட்டம் அவர்களிடம் எதிர்பார்த்தது என்பது அரிதாகவே வினவப்படுகிறது.

தில்லியில் 50 படுக்கைகளும் அதற்கு மேலும் உள்ள மருத்துவமனைகள் எரிஉலையோ அதற்கு நிகரான மாற்றோ அமைக்க வேண்டுமென உச்ச நீதிமன்றம் 1996 இல் ஆணையிட்டது. நாடு தழுவிய விதிகள் 1998 ஜூலையில் வந்தன. அவை கழிவை 10 வகைகளாகப் பகுத்தன. நிறங்களோ வேறோர் அட்டவணையில் இருந்தன. குருதி தோய்ந்த பஞ்சு 6ஆம் வகை. அவ்வெண் மஞ்சளுக்கு நேராகவும் இருந்தது, சிவப்புக்கு நேராகவும் இருந்தது. எரிப்பதாயின் மஞ்சள், நீராவியால் கிருமி நீக்குவதாயின் சிவப்பு. ஆகவே கையிலுள்ள பொருளைப் பார்த்து மட்டும் பையைத் தேர்ந்துவிட இயலாது. அது பின்னர் எவ்வாறு அழிக்கப்படும் என்பதும் தெரிந்திருக்க வேண்டும். ஒரு பொருளுக்கு இரு குறிகள் என்பது குறியியல் வகுப்பில் சுவையான செய்தி. நள்ளிரவில் வார்டைக் கூட்டுபவருக்கு அப்படியன்று.

குஜராத்தின் மோடாசாவில் 2009 இல் ஹெபடைடிஸ் பி பரவி உயிர்களைப் பறித்தது. பயன்படுத்திய ஊசிகள் மீண்டும் புழக்கத்தில் வந்திருந்தன.

2016 விதிகள் 10 வகைகளை நான்கு நிறங்களுக்குள் அடக்கின. பஞ்சுக்கு இப்போது மஞ்சள் மட்டுமே. குழாய்களுக்குச் சிவப்பு, ஊசிக்கு வெள்ளை, கண்ணாடிக்கு நீலம். பணியில் சேரும்போதும் பின்னர் ஆண்டுதோறும் பயிற்சி தரவேண்டும் என்ற கட்டளையும், ஹெபடைடிஸ் பி, டெட்டனஸ் தடுப்பூசிகளும் அவ்விதிகளிலேயே இடம்பெற்றன. முதல் விதிகளுக்கும் இதற்கும் இடையே 18 ஆண்டுகள்.