தாய்வீடு வரை வந்த எண்

எங்கள் அத்தை வாழ்க்கைப்பட்டது கோவளம் மீனவர் குப்பத்தில். 1990களில் தலைப்பிரசவத்துக்கு, வளைகாப்பு முடிந்ததும் புதுப்பட்டினத்தில் தாய்வீட்டுக்கு வந்தார். போட்ட ஊசி, ரத்தசோகை என்று எழுதிவைத்தது எல்லாம் கோவளத்து நர்சம்மாவின் நோட்டிலேயே தங்கிவிட்டன. பிரசவ வலியோடு போன இடத்தில் எல்லாவற்றையும் முதலிலிருந்து கேட்டார்கள்.

தமிழ்நாட்டில் 2008இல் வந்த பிக்மி இணையப் பதிவு இந்த இடைவெளியைத்தான் அடைக்கப் பார்த்தது. கர்ப்பத்தைப் பதிந்தால் கிடைக்கும் 12 இலக்க எண் இன்று தாய்வீடுவரை கூடவே வருகிறது. தடுப்பூசி, மகப்பேறு நிதியுதவி, பிள்ளையின் பிறப்புச் சான்றிதழ் எல்லாம் அந்த எண்ணில்தான் கோக்கப்பட்டிருக்கின்றன. நர்சம்மாவுக்கோ வேலை இரட்டிப்பு: நோட்டிலும் எழுத வேண்டும், கணினியிலும் ஏற்ற வேண்டும்.

1987இல் 300 ரூபாயாகத் தொடங்கிய நிதியுதவி 2018இல் 18,000 ஆனது. இரண்டு பிரசவத்துக்கு மட்டும். திட்டத்துக்கு டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் பெயர். அவருடைய அம்மா சந்திரம்மாள் தேவதாசி மரபில் வந்தவர். அந்தப் பெயரைத் தாங்கிய உதவிக்கான பதிவிலும் கணவர் பெயருக்கு ஒரு கட்டம் இருக்கிறது. என் தோழி, தன்னை விட்டுப்போனவன் பெயரையே அதில் சொன்னாள். “வேற யார் பேரைச் சொல்றது?” என்று என்னைக் கேட்டாள்.